பாரிடோன் வரிசையில் ஓர் இடம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, என் 74ஆவது வயதில், நான் ஒரு பாட்டுக் குழுவில் உறுப்பினராகச் சேர்ந்தேன். பெண்கள் மட்டும் பாடுகிற பார்பர்ஷாப் கோரஸ். செய்தியைச் சொன்னதும் புதுச்சேரியிலிருந்து என் தங்கை, "பார்பர்ஷாப்பா? முடிவெட்டும் கடையிலா பாடுகிறாய், அக்கா?" என்று கேட்டாள். சிரிக்க வேண்டாம், பெயருக்குப் பொருள் அதுதான். ஆனால் நாங்கள் பாடுவது ஒரு மாதா கோவிலின் பின்பக்கக் கூடத்தில். முடிதிருத்தும் கடைக்கும் பாட்டுக்கும் என்ன உறவு, அங்கே பெண்கள் எப்படி வந்தார்கள், வந்த பெண்கள் யாரை வெளியே நிறுத்தினார்கள் என்பதெல்லாம் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதைத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

என் கணவர் காலமான பிறகு மகள் என்னைத் தன்னோடு ஒஹாயோ மாநிலத்துக்கு அழைத்துக்கொண்டாள். பகலில் மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் துணி துவைக்கும் இயந்திரமும்தான். "அம்மா, எங்கேயாவது நாலு பேரோடு பழகு" என்று சொல்லி, விருந்தாளிகள் வந்து பார்க்கலாம் என்று அறிவித்திருந்த ஒரு கோரஸ் ஒத்திகைக்கு மகளே காரில் கொண்டுபோய் விட்டாள். எனக்குப் பாட்டு புதிதல்ல. பிரெஞ்சு வழியில் படித்தவள். பள்ளியில் மா சேர் ஒருவர் குச்சியால் மேசையைத் தட்டித் தட்டி சொல்ஃபேழ் கற்றுக்கொடுத்தார். தோ, ரே, மி இன்னும் மறக்கவில்லை. வீட்டில் அம்மா பாடிய கீர்த்தனைகளும் காதில் இருந்தன. பிறகு வேலை, குடும்பம், கோப்புகள். 32 ஆண்டுகள் அரசாங்க எழுத்தராக இருந்தபோது வாயைத் திறந்து பாடியது குறைவு.

முடிதிருத்துபவரும் பாட்டும் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் பள்ளிப் பாடத்தில் படித்த ஃபிகாரோ. பொமார்ஷே 1775இல் மேடையேற்றிய நாடகத்தில், செவில் நகரத்து நாவிதன் ஃபிகாரோ முதுகில் கித்தாரை மாட்டிக்கொண்டு, பாட்டுக் கட்டிக்கொண்டேதான் உள்ளே வருவான். பழைய இங்கிலாந்தில் சவரக் கடைச் சுவரில் ஒரு நரம்புக் கருவி தொங்குமாம். முறைக்குக் காத்திருப்பவர்கள் எடுத்து மீட்டிக்கொண்டிருப்பார்கள். நம் பக்கத்திலும் இந்தத் தொழில் செய்த குடும்பங்களில் நாகசுரம் வாசித்தவர்கள் உண்டு. காத்திருக்கும் இடத்தில் பாட்டுப் பிறப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆனால் அமெரிக்க பார்பர்ஷாப் பாட்டு தனி வகை. பக்கவாத்தியம் கிடையாது. நான்கு குரல்கள் மட்டும். 'லீட்' என்ற குரல் மெட்டைப் பாடும். 'டெனர்' அதற்கு மேலே மெல்லியதாக நிற்கும். 'பேஸ்' கீழே அடித்தளம் போடும். மீதியுள்ள சுரத்தை நிரப்புவது 'பாரிடோன்'. ஆண்கள் குழுவில் இருந்த இந்தப் பெயர்களையே பெண்களும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே பெண்கள் கோரஸில் 'பேஸ்' என்பவர் கனத்த குரலுள்ள ஒரு பாட்டியாகவும் இருக்கலாம்.

இந்த இசைக்கு உயிர் ஒரு குறிப்பிட்ட சுரக்கூட்டு. நம் கணக்கில் சொன்னால் ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம், கைசிகி நிஷாதம் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் ஒலிப்பது. நிஷாதத்தைப் பியானோவில் வருவதைவிட ஓர் இழை இறக்கிப் பாடுவார்கள். நான்கு குரலும் சரியாக அமைந்துவிட்டால், யாருமே பாடாத ஒரு சுரம் தலைக்கு மேலே ஒலிக்கும். அதை 'ரிங்' என்கிறார்கள். முதல் நாள் அது என் காதில் விழுந்தபோது எனக்கு அம்மாவின் தம்பூராதான் ஞாபகம் வந்தது. சுருதி சுத்தமாகச் சேர்ந்த தம்பூராவில் மந்தரத் தந்தியிலிருந்து காந்தாரம் தானாகவே எழும்பும் அல்லவா, அதே அதிசயம்தான். அங்கே தந்தி செய்வதை இங்கே மனிதர்கள் சேர்ந்து செய்கிறார்கள்.

அன்று மூன்று பேர் என்னைச் சுற்றி நின்று குரலைப் பார்த்தார்கள். மேலே போகவில்லை, கீழேயும் போகவில்லை. "நீ பாரிடோன்" என்று தீர்ப்பு வந்தது. மற்ற பகுதிகளில் இடம் கிடைக்காதவர்களுக்குத் தருகிற பகுதியோ என்று நினைத்தேன். அப்படி இல்லை. பாரிடோன் வரி தனியாகக் கேட்டால் பாட்டாகவே தோன்றாது. லீடுக்கு மேலே ஏறும், கீழே குதிக்கும், ஒரே சுரத்தில் ஆறு எழுத்து நிற்கும். குளிக்கும்போது யாரும் அதைப் பாடமாட்டார்கள். ஆனால் அது இல்லாவிட்டால் கூட்டு முழுமையாகாது. அலுவலகத்தில் எழுத்தர் வேலையும் ஏறக்குறைய அதுதான் என்பதால் எனக்குப் பழக்கமாகவே இருந்தது.

இனி வரலாற்றுக்கு வருகிறேன்.

பார்பர்ஷாப் என்றால் இந்நாட்டவர் பலர் மனத்தில் எழும் படம், கோடுபோட்ட கோட்டும் வைக்கோல் தொப்பியும் அணிந்த நான்கு வெள்ளைக்காரர்கள். 1936இல் நார்மன் ராக்வெல் ஒரு வாரப் பத்திரிகையின் அட்டைக்கு வரைந்த பார்பர்ஷாப் நால்வரும் வெள்ளையர்களே. ஆனால் இந்தப் பாட்டு வளர்ந்தது கறுப்பின மக்களிடையே. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பல ஊர்களில் முடிதிருத்தும் தொழில் பெரும்பாலும் கறுப்பினத்தவர் கையில் இருந்தது. அவர்கள் கூடிப் பேசுவதற்கும் அந்தக் கடைகளே இடம். அங்கே ஒருவர் மெட்டை எடுக்க, மற்றவர்கள் காதால் தேடித் தேடிக் குரல் சேர்ப்பார்கள். ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் வளர்ந்த எழுத்தாளர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன், தன் இளமைக் காலத்தில் கடைக்குக் கடை நால்வர் பாட்டு இருந்ததை 1925இல் பதிவு செய்திருக்கிறார். லூயி ஆம்ஸ்ட்ராங் சிறுவனாக நியூ ஆர்லியன்ஸ் தெருவில் பாடியதும் நால்வர் குழுவில்தான். புகழ்பெற்ற மில்ஸ் சகோதரர்களின் தந்தை முடிதிருத்தும் கடை வைத்திருந்தது இதே ஒஹாயோவின் பிக்வா நகரில்.

இசைத்தட்டு வந்தபோது இந்தப் பாணியில் பாடிப் பரவலாக விற்பனையானவர்கள் பெரும்பாலும் வெள்ளையர் குழுக்கள். ஊரெல்லாம் அவர்கள் குரலைக் கேட்டது. காலப்போக்கில் பாட்டு அவர்களுடையது என்றே ஆகிவிட்டது. 1992இல் லின் அபட் என்ற ஆராய்ச்சியாளர் பழைய செய்தித்தாள்களையும் நினைவுக் குறிப்புகளையும் தோண்டி எடுத்து எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் உண்மை மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது.

1938. ஓக்லஹோமாவின் டல்சா நகரம். ஓ. சி. கேஷ் என்ற வரி வழக்கறிஞரும் ரூபர்ட் ஹால் என்ற நண்பரும் பழைய பாட்டுகள் அழிந்துபோகின்றனவே என்று கவலைப்பட்டு நண்பர்களுக்குக் கடிதம் போட்டார்கள். ஏப்ரல் 11ஆம் தேதி டல்சா கிளப்பின் மொட்டை மாடியில் 26 ஆண்கள் கூடினார்கள். சங்கத்துக்கு வேண்டுமென்றே வாயில் நுழையாத ஒரு நீளப் பெயர் வைத்தார்கள். ரூஸ்வெல்ட் அரசாங்கம் அப்போது தொடங்கியிருந்த துறைகளின் சுருக்கெழுத்துப் பெயர்களைக் கிண்டல் செய்யத்தான். எஸ்.பி.இ.பி.எஸ்.கியூ.எஸ்.ஏ. என்று அதைச் சுருக்கினார்கள். வாழ்நாள் முழுவதும் அரசாணைச் சுருக்கெழுத்துகளோடு காலம் தள்ளிய எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு நீடிக்கவில்லை. அதே டல்சாவில் 17 ஆண்டுகளுக்கு முன், 1921இல், கிரீன்வுட் என்ற கறுப்பினத்தவர் பகுதியை வெள்ளையர் கும்பல் தீயிட்டுக் கொளுத்தியிருந்தது. அந்த ஊரில் கூடிய சங்கத்தில் கறுப்பினத்தவருக்கு இடம் இருக்கவில்லை. 1941இல் நியூயார்க் நால்வர் போட்டியில் வென்றவர்கள் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் சிவப்புத் தொப்பிச் சுமைதூக்கிகள், கறுப்பினத்தவர். தேசியப் போட்டிக்கு செயின்ட் லூயிஸ் நகருக்குப் போக வேண்டியவர்கள். சங்கம் மறுத்துவிட்டது. நியூயார்க்கின் முன்னாள் ஆளுநர் ஆல் ஸ்மித்தும், பூங்காத் துறையின் ராபர்ட் மோசஸும் இதைக் கண்டித்துச் சங்கத்தை விட்டு விலகினார்கள். சங்கம் அசையவில்லை.

சரி, பெண்கள்? ஆண்கள் வாராவாரம் பாடப் போனார்கள். மனைவிமார் கூட்டத்துக்குப் பலகாரம் செய்து கொடுத்துவிட்டுக் கதவுக்கு இப்பால் நின்று கேட்டிருப்பார்கள். 1945 ஜூலை 23ஆம் தேதி, அதே டல்சாவில், எட்னா மே ஆண்டர்சன் என்ற பெண்மணி தன்னைப் போன்ற சில பெண்களைக் கூட்டினார். நாமும் பாடுவோம் என்று முடிவாயிற்று. 1903இல் வெளிவந்து நால்வர் குழுக்கள் விடாமல் பாடிவந்த 'ஸ்வீட் அடலைன்' பாட்டின் பெயரையே சங்கத்துக்கு வைத்தார்கள்: ஸ்வீட் அடலைன்ஸ். ஆண்கள் வரைந்து பாடிய கற்பனைக் காதலியின் பெயரைப் பெண்களே எடுத்துச் சூட்டிக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது. 1947இல் முதல் போட்டி நடந்தது. இல்லினாய் மாநிலத்தின் டெகேட்டரிலிருந்து வந்த டெகேட்டரெட்ஸ் நால்வர் வென்றார்கள். 1946இல் விஸ்கான்சினின் ஷெபாய்கனில் கூடிய கார்டெட்ஸ் என்ற பெண்கள் நால்வர் குழு, 1954இல் 'மிஸ்டர் சேண்ட்மன்' இசைத்தட்டால் நாடெங்கும் பெயர் பெற்றது. அவர்களுள் ஒருவரின் தந்தை ஆண்கள் சங்கத்துக்குத் தலைவராகவே இருந்தவர். வீட்டில் அப்பா பாடியதைக் கேட்டு வளர்ந்த பெண்!

இத்தனையும் படித்துவிட்டு நான் பெருமையோடு நிமிர்ந்தேன். பெண்களுக்குக் கதவைச் சாத்தினார்கள், பெண்கள் தங்களுக்கென்று ஒரு வீடே கட்டிக்கொண்டார்கள். கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அந்த வீட்டுக்கும் ஒரு பூட்டு இருந்தது. 1950களின் பிற்பகுதியில் ஸ்வீட் அடலைன்ஸின் விதி, வெள்ளையினப் பெண்களே உறுப்பினராகலாம் என்று இருந்தது. அதை ஏற்காமல் ரோட் ஐலண்ட், மாசசூசெட்ஸ் மாநிலங்களைச் சேர்ந்த சில கிளைகள் வெளியேறின. 1959இல் அவை ஹார்மனி இன்கார்ப்பரேட்டட் என்ற தனிச் சங்கமாயின. இனம் பார்க்காமல் சேர்ப்பது என்பதே அதன் பிறப்புக்குக் காரணம். சிறிய ஊர்களின் சிறிய கிளைகள் அவை. தாய்ச் சங்கத்தின் போட்டி, மேடை, கிரீடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள். 1963இல் கனடாவின் ஒட்டாவா கோரஸும், தங்களோடு பாடிய ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு உறுப்புரிமை மறுக்கப்பட்டதும் கூண்டோடு வெளியேறி அவர்களோடு சேர்ந்தது. ஆண்கள் சங்கம் 1963இலும் ஸ்வீட் அடலைன்ஸ் 1966இலும் இனத்தடையை நீக்கின. ஆண்கள் சங்கம் பெண்களை முழு உறுப்பினர்களாகச் சேர்த்தது 2018இல்தான். மொட்டை மாடியில் தொடங்கி 80 ஆண்டுகள்.

எங்கள் கோரஸில் எனக்கு முந்தைய வரிசையில் நிற்பவர் 83 வயது அம்மாள். இங்கே எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு இன்னும் வாய் வரவில்லை, ஏதோ முனகிச் சமாளிக்கிறேன். ஒரு நாள் இடைவேளையில் நான் படித்ததைச் சொல்லி, அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று கேட்டேன். அவர் வேறு ஊரில் 1964இல் சேர்ந்தவராம். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "அப்போது நான் விதிப் புத்தகத்தைப் பார்த்ததே இல்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டேன். எங்கள் கோரஸில் எல்லாரும் ஏன் ஒரே மாதிரி இருக்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது." எங்களுக்குப் பக்கத்தில் பேஸ் பகுதியைத் தாங்குகிற ஒரு கறுப்பினப் பெண்மணி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்திருக்கும். ஒன்றும் சொல்லவில்லை. மணி அடித்ததும் மூவரும் படிமேடைக்குப் போனோம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் அந்த அம்மாள் அல்ல.

1980களில் எங்கள் அலுவலகப் பெண்கள் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தோம். மதிய உணவு இடைவேளையில் பழகி, குடியரசு தினத்தன்றும் ஆண்டு விழாவிலும் பாடுவோம். நான்தான் செயலாளர். எதற்கும் ஒழுங்கு வேண்டும் என்று துணைவிதிகள் எழுதி, தட்டச்சு செய்து, கையெழுத்தும் போட்டேன். "நிரந்தரப் பெண் ஊழியர்கள் மட்டும்" என்பது அதில் மூன்றாவது விதி. தாழ்வாரம் பெருக்கும் தினக்கூலிப் பெண் ஒருத்தி இருந்தாள். வேலை செய்துகொண்டே பாடுவாள். கூட்டும் சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் மாடிவரை வரும். எங்கள் எவருக்கும் அப்படி ஒரு குரல் இல்லை. ஒரு நாள் கதவருகே நின்று, "அக்கா, நானும் வரட்டுமா?" என்று கேட்டாள். நான் கோபப்படவில்லை, கடுமையாகப் பேசவில்லை. விதியைக் காட்டினேன். "நிரந்தரமானவர்களுக்கு மட்டும்தான், அம்மா" என்றேன். அவள் தலையசைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு தாழ்வாரத்தில் அவள் பாடிக் கேட்டதில்லை.

அந்த விதியில் சாதி என்ற சொல் இல்லை. எழுதும்போது அப்படி எதையும் நினைக்கவில்லை என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். ஆனால் எங்கள் அலுவலகத்தில் தினக்கூலிக்குப் பெருக்க வந்தவர்கள் எல்லாரும் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். விதியைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். தட்டச்சு இயந்திரம் என் மேசைமேலேயே இருந்தது. இத்தனைக்கும் எங்களுக்குக் கிரீடமோ தேசியப் போட்டியோ இழக்க ஒன்றும் இல்லை. அந்த ரோட் ஐலண்ட் பெண்கள் செய்ததில் நூறில் ஒரு பங்கு கூட நான் செய்யவில்லை.

பிறகு என் தேர்வு நாள் வந்தது. ஒரு பாட்டை நால்வராக நின்று பாட வேண்டும், என் பகுதிக்கு நான் ஒருத்தி மட்டும். ஒரு காதில் பாரிடோனும் மறு காதில் மற்ற மூன்று குரல்களும் வருகிற மாதிரி பதிவு செய்த ஒலியைத் தந்திருந்தார்கள். ஆறு வாரம் சமையலறையில் அதைக் கேட்டுப் பழகினேன். மருமகன், "அத்தை, இது பாட்டா, சுருதி பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். தேர்வில் இரண்டாம் அடியில் ஒரு இடத்தில் லீடோடு வழுக்கி விழுந்தேன். அடுத்த அடியில் பிடித்துக்கொண்டேன். கடைசிக் கூட்டில் அந்த ஐந்தாவது சுரம் ஒரு கணம் வந்து போனது. தேறிவிட்டேன்.

படிவத்தை நீட்டினார்கள். பெயர், முகவரி, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண், குரல் பகுதி. இனம் என்று ஒரு கட்டம் எங்கேயும் இல்லை. கையெழுத்திடும் முன், "துணைவிதிகளைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். செயலாளர் பெண்மணி வியந்துபோனார். சேரும்போது இதைக் கேட்ட முதல் ஆள் நான்தானாம். தேடி எடுத்துத் தந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். உறுப்பினர் தகுதி பற்றிய பகுதியை இரண்டு முறை படித்தேன். வெளியே காரில் மகள் காத்துக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். படிமேடையில் முதல் வரிசையில் எனக்கு இடம் தந்திருக்கிறார்கள், நான் குட்டை என்பதால். மேடைக்குப் பொய் இமை வைக்க வேண்டுமாம். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

புதுச்சேரியில் என்னோடு வேலை செய்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு உதவி. அந்தத் தாழ்வாரத்துப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். அவள் பெயரை நான் எந்தப் பதிவேட்டிலும் எழுதி வைக்கவில்லை.